வெள்ளைக்கல்லுக்கு மேலே

அந்தக் காலத்தில் ஆட்டுக்கும் பேச்சு இருந்தது, குருவிக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருக்கிற இடத்தில் சண்டை இல்லாமலா போகும்? தூவானமுடிச் சரிவில் மேய்ந்த வரையாட்டுக் கூட்டத்தில் பாதிச் சண்டைக்குக் காரணம் தவிட்டிதான். தவிட்டு நிறத்தில், மெல்லிய பின்வளைந்த கொம்போடு, பார்க்க அடக்கமாகத்தான் இருப்பாள். ஆடுகள் எல்லாம் புல்லை இரண்டு முறை மெல்லும். தவிட்டி பிறர் சொன்ன சொல்லையும் இரண்டு முறை மென்றாள்.

தூவானமுடியை நீங்கள் பார்த்திருந்தால் இந்தக் கதையைப் பாதியாகச் சுருக்கிவிடலாம். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சோலைக்காடு முடியும் இடத்தில் புல்வெளி தொடங்கும். புல்வெளி முடியும் இடத்தில் கல் தொடங்கும். கல் எங்கே முடியும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதற்குள் மேகம் வந்துவிடும். வெயில் கொளுத்தும் நாளிலும் அந்த மலையின் கழுத்துக்கு மேல் மேகம் சுற்றிக்கொண்டே இருக்கும். புதிதாகப் பிறந்த குட்டிகள் கால் ஊன்றியதும் முதலில் பால்மடியைத் தேடும், பால் குடித்து முடித்ததும் தலையைத் தூக்கி மேலே பார்க்கும். பார்த்துவிட்டுச் சற்று நேரம் சும்மா நிற்கும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்த மலை அப்படி.

மேலே போக மூன்று பக்கம் உண்டு. மேற்கே மாட்டு முதுகுபோல் அகன்ற புல்மேடு. அது கிடாக்களின் வழி. தெற்கே ஓடைச்சந்து, இரண்டு பாறைகளுக்கு நடுவில் உதிரிக் கற்கள் நிறைந்த இடுக்கு. கிழக்கே ஒன்றுமில்லை, வெறும் பாறை. சோலை விளிம்பிலிருந்து மேகம் வரை நட்டு வைத்த மாதிரி ஒரே பாறை. அதை யாரும் வழி என்று சொன்னதில்லை.

ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் பெரிய கிடாக்கள் மட்டும் புல்மேட்டு வழியே முடிக்குப் போவார்கள். அங்கே இருக்கும் வெள்ளைக்கல்லில் முதுகைத் தேய்ப்பார்கள். கல்லில் பூத்த வெண்பாசி அவர்களுடைய கரிய முதுகில் ஒட்டிக்கொள்ளும். அந்த வெள்ளையோடு இறங்கி வந்து, மழை வருமா வராதா, மலையில் நிற்பதா பள்ளத்துக்கு இறங்குவதா என்று சொல்வார்கள். கூட்டம் அதன்படி நடக்கும். பெட்டைகள் போகக்கூடாது. போனால் மேகம் மலையை விட்டு ஓடிவிடுமாம். யார் சொன்னது? கிடாக்கள் சொன்னார்கள். கிடாக்களுக்கு யார் சொன்னது? முந்தைய கிடாக்கள். மேகத்தை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், இல்லை.

அந்த ஆண்டு மழை தாமதித்தது. புல் கருகி, குளம்பு பட்டால் பொடிந்தது. முடிக்குப் போன கிடாக்கள் இறங்கி வந்தார்கள். கூட்டத்தின் தலைவன் கரும்பிடரி நடுவில் வந்து நின்றான். தவிட்டிக்குத் தாய்மாமன்.

"மேல காஞ்சு கெடக்குது," என்றான். "ஒரு துண்டு மேகம் கண்ணுல படல. இந்த வருசம் மழையில்ல. நாளைக்கே ஆத்துப்பள்ளத்துக்கு இறங்கிரணும்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பள்ளம் என்றால் சோலைக்காட்டைக் கடக்க வேண்டும். சோலைக்காடு என்றால் செந்நாய். வரையாட்டுக்குப் பாறைதான் கோட்டை. மரத்தடியில் அதன் காலும் கண்ணும் உதவாது. மூன்று கோடைக்கு முன்னால் இப்படித்தான் இறங்கினார்கள். தவிட்டியின் தலைக்குட்டி அந்தப் பயணத்திலிருந்து திரும்பவில்லை. இப்போது அவளுக்குப் பொட்டு இருந்தான். உருண்டு வந்த கல் ஒன்று அவன் முன்னங்காலில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. மூன்று காலில் தத்தித் தத்தித்தான் நடப்பான். ஓட முடியாத குட்டியோடு செந்நாய்க் காட்டுக்குள் போவது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"ஏனுங் மாமா, ஒரு சந்தேகம்," என்றாள்.

"இருக்குமே! உனக்கு இல்லாட்டித்தான் அதிசயம்."

"மேல என்னதாங்க தெரிஞ்சுது?"

"வெள்ளை. சுத்தியும் வெள்ளை. முன்னால நின்னவனோட வாலு எனக்குத் தெரியலைன்னாப் பாத்துக்கோ."

"குளுந்துதுங்களா?"

"பல்லு கிட்டிப் போச்சு."

"ரோமம் நனைஞ்சுதுங்களா?"

"சொட்டச் சொட்ட."

"அப்ப அது மேகமுங் மாமா. மேகத்துக்குள்ள நின்னுக்கிட்டு மேகமே இல்லைன்னு சொல்லறீங்."

யாரோ ஒரு கிழட்டுப் பெட்டை கனைத்துச் சிரித்தது. கரும்பிடரியின் காது விறைத்தது. "அது முடியோட வெள்ளை, அம்மிணி. மேகமும் அதுவும் ஒண்ணாகுமா?"

"சரிங்க. முன்னால நின்னவரு வாலே தெரியலீங்களே, அதுதான் முடின்னு எப்படிங்க தெரிஞ்சுது?"

"அதுக்கு மேல வழியில்ல."

"வழி இல்லீங்களா? இல்ல, உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கரும்பிடரி பக்கவாட்டில் திரும்பித் தன் முதுகைக் காட்டினான். கரிய உடம்பின் நடுவில் வெண்பாசி சாம்பலைப்போல் ஒட்டியிருந்தது. "இது என்ன? சொல்லு பாக்கலாம். உங்கப்பன் முதுகுலயும் இருந்துது, அவங்கப்பன் முதுகுலயும் இருந்துது."

"கல்லுல தேச்ச பாசிங். கல்லு எந்த எடத்துல இருக்குதுன்னு பாசி சொல்லாதுங்களே."

"உனக்கு வாய் அடங்காது," என்றான் கரும்பிடரி. குரல் ஏறவில்லை. அதுதான் அவனுடைய கோபம். "ஏறிப் பாரு, போ. ஆனா எங்க வழியில உன்ற குளம்பு படக்கூடாது. நாளைக்கு நெழலு காலடிக்கு வர்ற வரைக்கும் கூட்டம் நிக்கும். அதுக்கப்பறம் உனக்காக நிக்காது. எனக்கு மத்த குட்டிகளும் இருக்குது."

அந்தக் கடைசி வார்த்தை நியாயமானதுதான். அதனால்தான் தவிட்டிக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

விடிந்ததும் பொட்டுவை நாத்தனார் சுழிச்சியிடம் விட்டாள். நெற்றியில் சுழி உள்ளவள், வாய் கொஞ்சம் நீளம். "நீ வராட்டி இவனுக்கு நான் என்ன பதில் சொல்லறது?" என்று கேட்டாள் சுழிச்சி.

"வருவேன்."

"எல்லாத்துக்கும் காரணம் சொல்லுவ. இதுக்கு மட்டும் ஒத்தை வார்த்தையா?"

தவிட்டி பொட்டுவின் காதை ஒருமுறை நக்கிவிட்டுத் தெற்குப் பக்கம் நடந்தாள்.

ஓடைச்சந்து அவளை ஏமாற்றியது. மேலே ஏறும் ஒவ்வொரு அடிக்கும் கல் இரண்டு அடி கீழே கொண்டுவந்து விட்டது. பாதியில் சந்தின் ஒரு பக்கமே அசைந்து, கற்கள் இரைந்துகொண்டு இறங்கின. ஒரு பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டு தப்பினாள். தூசி அடங்கிப் பார்த்தபோது, நடந்து வந்த வழி இருந்த இடத்தில் வழி இல்லை. காலைப்பொழுதில் பெரும்பங்கு அங்கேயே கரைந்துபோயிருந்தது.

"நல்லா ஏறறே," என்று ஒரு குரல். புல்லுக்குள்ளிருந்து ஒரு நெட்டைக்காலிக் குருவி தலையை நீட்டியது. "இப்படியே போனா சாயங்காலத்துக்குள்ள ஆத்துக்கே போயிரலாம்."

"உனக்கென்ன, றெக்கை இருக்குது. பறந்து போய் முடி எங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லேன்."

"போகாமயா இருப்பேன்? வெள்ளைக்கல்லு வரைக்கும் போவேன். அதுக்கு மேல காத்து என்னைய வேற ஊருக்குத் தூக்கிப் போட்டுருது."

தவிட்டி நின்றாள். "அதுக்கு மேலயா? வெள்ளைக்கல்லுக்கு மேல இருக்குதா?"

"காத்து அங்கிருந்துதானே வருது? ஒண்ணுமே இல்லாத எடத்துல இருந்து அப்படிக் காத்து வராது." குருவி சிறகைச் சிலுப்பியது. "நான் கேட்டதும் இல்ல, யாரும் எங்கிட்டக் கேட்டதும் இல்ல."

மிச்சம் இருந்தது கிழக்குப் பாறை.

அதன் அடியில் போய் நின்றாள் தவிட்டி. அண்ணாந்தால் கொம்பு முதுகில் இடித்தது, அப்படியும் பாறை முடியவில்லை. காலை வெயில் பட்டு அது ஒரு பெரிய மிருகத்தின் விலாபோல் சூடாக இருந்தது. நெற்றியைக் கல்லில் வைத்துப் பார்த்தாள். உள்ளே எங்கோ தண்ணீர் நடக்கும் சத்தம். கோடையெல்லாம் காய்ந்து கிடந்த மலைக்குள் இன்னும் தண்ணீர் நடந்துகொண்டிருந்தது.

"இதுலயா?" என்றது குருவி.

"இது யாருக்கும் சொந்தமில்லாத பக்கம். யாரும் எதுவும் சொல்ல முடியாது."

வழி என்று நினைத்துப் பார்த்தால் அங்கே வழி இல்லை. ஒரு குளம்பு வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தால், இருந்தது. அந்தக் குளம்பை வைத்த பிறகு அடுத்ததற்கும் இருந்தது. வரையாட்டின் குளம்புக்கு ஓரம் கெட்டி, நடு மெத்து. நாய்நாக்கு அகலமுள்ள ஒரு விளிம்பில் அவள் முன்னங்காலை வைத்து, உடம்பைக் கல்லோடு ஒட்டி, பின்னங்காலை அதே இடத்துக்குக் கொண்டுவந்தாள். ஒரு வெடிப்பில் வரிசையாகக் கோரைப்புல் முளைத்திருந்தது. அதை ஒட்டியே வெடிப்பு போன பக்கம் போனாள். வெடிப்பு தீர்ந்த இடத்தில் ஒரு தாவல். தாவும்போது கீழே பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். சோலைமரங்கள் பாசித்திட்டு மாதிரித் தெரிந்தன.

பாதிப் பாறையில் குருவி விடைபெற்றது. "காத்து வந்திருச்சு. நான் போறேன். கீழ விழுந்தா மெதுவா விழு, நான் பாத்துக்கறேன்."

பிறகு மேகம். முன்னங்குளம்பு தெரியவில்லை. மாமன் சொன்ன வெள்ளை இதுதான். பல் கிட்டியது, ரோமம் சொட்டியது. இங்கேயே நின்று இதுதான் முடி என்று சொல்லிவிட்டால் என்ன என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. மாமன் பொய் சொல்லவில்லை, இந்த வெள்ளைக்குள் நின்று களைத்துப்போனவர் சொன்னதுதான் அது என்று அப்போது புரிந்தது. ஆனால் கல் இன்னும் மேல்நோக்கித்தான் சாய்ந்திருந்தது. சாய்ந்திருக்கும் வரை அது முடி இல்லை. அவள் ஏறினாள்.

திடீரென்று ஏற ஒன்றுமில்லை. நான்கு பக்கமும் கல் கீழே போனது. அப்போது பெருங்காற்று ஒன்று வந்து மேகத்தை மொத்தமாக வாரிக்கொண்டு போயிற்று.

தவிட்டி நின்ற இடம் நான்கு குளம்பு வைக்கும் அளவுதான். அங்கே கிடாக்கள் கதைகளில் சொன்ன பொற்சுனை இல்லை, நித்தியப் புல் இல்லை. வானம் இருந்தது. அது தலைக்கு மேல் மட்டும் இல்லை, பக்கவாட்டிலும் இருந்தது, காலுக்குக் கீழேயும் இருந்தது. மலைக்குப் பின் மலையாக, கன்றுகளும் மாடுகளுமாகப் படுத்த மந்தைபோல், கண் போகும் தூரம் வரை நீல முதுகுகள். அவற்றுக்கு அப்பால் மேற்கே ஒரு வெள்ளிக்கோடு. கடல் என்ற சொல் அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கோட்டிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்ததை எந்த ஆட்டுக்கும் தெரியும். கருத்த மழை, சுவர் மாதிரி, உலகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, அடிவயிற்றில் மின்னலோடு, சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

வாழ்க்கையில் முதல் முறையாகத் தவிட்டிக்குக் கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, அவளுக்கே தெரியாது.

மேற்கே வெகு கீழே, ஒரு ஒடுங்கிய பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மலையின் தோள்பட்டையில் வெள்ளைக்கல் இருந்தது. தலைமுறை தலைமுறையாக முதுகு தேய்த்து அதன் ஒரு பக்கம் குழிந்திருந்தது. இவ்வளவு உயரத்திலிருந்து அது ஆலங்கட்டி அளவுதான் தெரிந்தது. ஒரு தெளிந்த நாள், ஒரே ஒரு தெளிந்த நாள், யாராவது அங்கே கொஞ்சம் காத்திருந்து தலையைத் தூக்கியிருந்தால் போதும்.

குனிந்தபோதுதான் தன் நிழல் தன் காலடியிலிருந்து கிழக்கே நழுவியிருப்பதைப் பார்த்தாள். உச்சிப்பொழுது சாய்ந்துவிட்டது.

கீழே சரிவில் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. கரும்பிடரி சொன்ன சொல் தவறாதவன். முன்னால் கிடாக்கள், பிறகு பெட்டைகள். எல்லாருக்கும் பின்னால் ஒரு பெரிய புள்ளி, அதை ஒட்டித் தத்தித் தத்தி ஒரு சின்னப் புள்ளி. சுழிச்சி அவனை விட்டுவிடவில்லை. சோலையின் வாயில் ஓடை குறுக்கே ஓடும் இடத்தில், பன்னைப்புதர்களுக்குள், கூட்டத்துக்குத் தெரியாத ஆனால் மேலிருந்து பார்ப்பவளுக்கு நன்றாகத் தெரிந்த செந்நிறம். இந்தக் கரையில் நான்கைந்து, அந்தக் கரையில் நான்கைந்து. படுத்துக் காத்திருந்தன. காற்று கூட்டத்தின் முதுகுப் பக்கமிருந்து வீசியது. ஆடுகளுக்குச் செந்நாயின் மோப்பம் கிடைக்காது.

"மாமா! நில்லுங்! செந்நாய்!"

காற்று அந்தச் சொற்களை அவள் வாயிலிருந்தே பிய்த்து எறிந்தது. மறுபடி கத்தினாள். ஓடைக்கரைப் பக்கம் என்றாள், மழை வருது என்றாள், நின்னு நான் சொல்லறதைக் கேளுங்க என்றாள். இறங்கி ஓடினால் பொழுது சாய்ந்துவிடும். முன்னால் போன கிடாக்கள் புதருக்கு அருகில் போய்விட்டார்கள்.

சொல் ஒவ்வொன்றும் காற்றில் சிதறுகிறது. சிதறாத ஒன்று வேண்டும். தவிட்டி கண்ணை மூடினாள். இதுவரை பேசியதும் இனிமேல் பேச வேண்டியதும், கேட்ட கேள்விகளும் கேட்காமல் விட்ட கேள்விகளும், பொட்டு வளர்ந்த பிறகு அவனோடு போடலாம் என்று வைத்திருந்த சண்டைகளும், எல்லாவற்றையும் நெஞ்சுக்குள் ஒன்றாக இறுக்கினாள். மூச்சு நிறைந்து விலா வலித்தது. பிறகு விட்டாள்.

அது சொல்லாக வரவில்லை. கூர்மையான ஒரே சீழ்க்கையாக வந்தது. அதுவரை எந்த ஆடும் அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. காற்றால் அதைப் பிய்க்க முடியவில்லை. பாறைகள் அதை வாங்கி ஒன்றுக்கொன்று கொடுத்தன. அவள் தொண்டைக்குள் ஏதோ ஒன்று அறுந்ததுபோல் இருந்தது.

கீழே கூட்டம் அப்படியே நின்றது. எல்லாத் தலையும் மேலே திரும்பியது. மேகம் விலகிய தூவானமுடியை அவர்கள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார்கள். வெள்ளைக்கல்லுக்கு மேலே இன்னொரு உயரம். அதன் நுனியில், வானத்தில் ஒட்டி வைத்ததுபோல் ஒரு தவிட்டு நிற ஆடு.

அவள் மறுபடி சீழ்க்கை விட்டு ஓடைப்பக்கம் தலையை நீட்டினாள். கரும்பிடரி அந்தத் தலை காட்டிய திசையைப் பார்த்தான். பார்த்ததும் ஏன் என்று அவன் கேட்கவில்லை. கூட்டத்தைத் திருப்பினான். செந்நாய்கள் புதரை விட்டுப் பாய்ந்தபோது ஆடுகள் கல்லுக்கு வந்திருந்தன. மற்றவர்கள் முந்திவிட, கடைசியாகிப்போன இரண்டு புள்ளிகளுக்காகக் கரும்பிடரி சரிவில் திரும்பிக் கொம்பைத் தாழ்த்தி நின்றான். முன்னால் வந்த செந்நாய் அந்தக் கொம்பில் பட்டு உருண்டது. மற்றவை தயங்கின. சின்னப் புள்ளி பாறையில் ஏறிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் தவிட்டி நுனியை விட்டு அசைந்தாள்.

மாலையில் மழை வந்து சேர்ந்தது. தவிட்டி மேற்குப் பக்கமாக, அவளுக்கு ஆகாதென்று சொன்ன வழியிலேயே இறங்கினாள். வெள்ளைக்கல்லின் அருகில் கரும்பிடரி நின்றிருந்தான். தானாகவே ஏறி வந்திருந்தான். மழை அவன் முதுகில் அடித்து ஓடிக்கொண்டிருந்தது. வெண்பாசி மட்டும் கரையவில்லை.

"பொட்டு சுழிச்சிகிட்ட இருக்கான்," என்றான் முதலில். பிறகு ஒடுங்கிய பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தான். மேகம் மறுபடி மூடியிருந்தது. "எத்தனையோ மழைக்காலம் இங்க வந்து நின்னேன், அம்மிணி. ஒரு தடவைகூட அண்ணாந்து பாக்கல. அங்க எப்படி இருக்குது?"

தவிட்டி வாயைத் திறந்தாள். சொல்ல அவ்வளவு இருந்தது. சொல் வரவில்லை, மெல்லிய சீழ்க்கைதான் வந்தது. அவள் திகைத்தாள். மறுபடி முயன்றாள். அதேதான்.

"உங்கூடப் பேசி ஒரு நாளும் நான் ஜெயிச்சதில்ல," என்றான் கரும்பிடரி. "இதுக்கு எங்கிட்டப் பதிலே இல்ல, கண்ணு." வழியை விட்டு விலகி, அவள் முன்னால் போவதற்காக மழையில் ஒதுங்கி நின்றான்.

பொட்டு தாயிடம் பேச்சைக் கற்கவில்லை, சீழ்க்கையைக் கற்றான். அவனைப் பார்த்து மற்றக் குட்டிகளும் அதையே கற்றன. முடி என்று தாங்கள் சொன்னது முடி இல்லை என்றானதும் கிடாக்களுக்குக் கூட்டத்தோடு நிற்கக் கூச்சமாக இருந்தது, தனியாகப் போய் மேய்ந்தார்கள். முதுகு வெள்ளையை எவ்வளவு மழையில் நனைத்தும் அது போகவில்லை.

அன்று தொட்டுத்தான் வயதான வரையாட்டுக் கிடாவின் முதுகில் சாம்பல் வெள்ளை படிந்திருக்கிறது. அன்று தொட்டுத்தான் அவர்கள் தனித்து மேய்ந்து, மழை வரும்போது மட்டும் மேலே என்ன தெரிந்தது என்று கேட்கிற மாதிரி பெட்டைகளைத் தேடி வருகிறார்கள். கூட்டம் முழுவதும் குனிந்து மேயும்போது ஒருத்தி மட்டும் மேயாமல், இருப்பதிலேயே உயரமான கல்லில் ஏறி நிற்பதும் அன்று முதல்தான். அவள் சீழ்க்கை விட்டால் எல்லாரும் நிற்கிறார்கள். ஏன் என்று இதுவரை ஒரு கிடாவும் கேட்டதில்லை.